டூங்கபியின் முதல் பேஸ்போல் நட்சத்திரம்

ஆறே ஆறு பந்து எறிந்துவிட்டு ஒரு விளையாட்டிலிருந்தே ஓய்வு பெற்ற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கம் திரும்புங்கள்.

போன வருடம், 2011. எனக்கு இருபது வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில், எங்கள் தமிழ்க் கிரிக்கெட் அணியில் எல்லைக்கோட்டிலிருந்து நான் எறிந்தால் பந்து நேரே விக்கெட்டில் விழும். பக்கத்து மைதானத்தில் பேஸ்போல் பழக்கிய கோச் அதைப் பார்த்துவிட்டு, உனக்குத் தங்கக் கை என்று சொல்லிக்கொண்டு வேலி தாண்டியே வந்துவிட்டார். பேஸ்போலில் பந்து எறிகிறவனைப் பிச்சர் என்பார்கள். மூன்று வாரம் வலைக்குள் எறியப் பழக்கினார். சனிக்கிழமை தெரிவுப் போட்டி, நன்றாக எறிந்தால் சம்பளத்தோடு ஒப்பந்தம் என்றார். விதிப் புத்தகமும் தந்தார். (கிரிக்கெட் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் எதுக்கு எண்டு கார் டிக்கியில போட்டுட்டன்.)

யூனியில் படிப்பதை நிறுத்தப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு அப்பா இறங்கி வந்தார்.

"ஒப்பந்தம் கிடைச்சா ஒரு வருசம் போய் எறி. கிடைக்காட்டி வாயை மூடிக்கொண்டு இன்ஜினியரிங்கை முடி. சரியோ?"

"ஓம் அப்பா. பேனையை எடுத்து வையுங்கோ, முதல் ஆட்டோகிராப் உங்களுக்குத்தான்."

சனிக்கிழமை அப்பா மடக்குக் கதிரையோடு வேலியோரம் வந்து அமர்ந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றி நடுவரிடம் கொடுத்தேன். கிரிக்கெட்டில் பந்து போடப் போகிறவன் அப்படித்தானே செய்வான்? முகமூடிக்குள் இருந்த மனுசன் ஒன்றும் விளங்காமல் அதைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

முதல் ஆள் மூன்று பந்துக்கும் காற்றைத்தான் அடித்தான். அவுட். நான்காவதை அடுத்தவன் தூக்கி அடித்துவிட்டு மூன்றாம் பேஸில் போய் நின்றான். இன்னும் ஒரு மூலை ஓடினால் அவர்களுக்கு ஓர் ஓட்டம். ஐந்தையும் ஆறையும் புதிதாக வந்தவன் கோட்டைவிட்டான். கோச்சின் வாயெல்லாம் பல். பந்து என் கைக்குத் திரும்பி வந்தது.

ஆறு முடிந்தது. அடுத்தவர் எடுக்கட்டும் என்று பந்தைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு, தொப்பியை வாங்க நடுவரிடம் நடந்தேன். மூன்றாம் பேஸில் நின்றவன் தலைதெறிக்க ஓடிவந்து, நடுவரின் காலடியில் இருந்த கடைசி மூலைக்கு எனக்கு முன்னால் வந்து சேர்ந்தான். ஓவர் முடிந்த பிறகு இவன் ஏன் பாவம் ஓடுகிறான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். (அவனும் தாங்ஸ் எண்டான்.)

மைதானத்திலேயே ஒரே ஒருவர் கைதட்டினார். அப்பா.

கோச் ஓடிவந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். மற்றப் பக்கத்திலிருந்து யார் போடுவது என்று நான் அவரைக் கேட்டேன். இந்த விளையாட்டில் ஓவரும் இல்லை, மற்றப் பக்கமும் இல்லை என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வேறொருவனை எறிய அனுப்பினார். ஒப்பந்தமும் அவனுக்குத்தான் போனது.

அப்பாவுக்குக் கோபம் என்மேல் இல்லை, கோச்மேல்.

"ஆறும் ஒழுங்காத்தானே போட்டனீ? நானும் விரல் விட்டு எண்ணினனான். அந்தாளுக்கு என்னவாம்?"

"இதில ஓவர் எண்டு ஒண்டு இல்லையாம் அப்பா."

அப்பா கதிரையை மடக்கினார்.

"சரி, யூனி எப்ப துவங்குது?"

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அப்பாதான் சொல்வார். தான் கைதட்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுவார். என் கை இன்னும் தங்கக் கைதான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு எனக்கு யூனியில் கொங்கிறீற் பாடப் பரீட்சை.