மாட்டுக்குள் இருந்த மாப்பிள்ளை

பெண் கேட்கப் போகிறவனுக்கு அழகு இல்லாவிட்டால் போகிறது, நிலம் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். செய்கிற உத்தியோகத்தை நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால்தான் ஆபத்து. எனக்கு வந்த முதல் இரண்டு வரன்கள் தட்டிப்போனதற்கு என் மூக்கு காரணமல்ல (அப்படி ஒரு வதந்தி உண்டு). "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்ற கேள்விதான் காரணம்.

பட்டணத்தில் கால்நடை வைத்தியம் படித்துவிட்டு, யுத்தம் முடிந்த சமயத்தில் திருப்பதிக்கு வெளியே ஒரு சின்ன மாட்டுப் பண்ணையில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். நல்ல காளை ஒன்றின் விந்தைச் சேகரித்து, அக்கம்பக்கத்து ஊர்ப் பசுக்களுக்குக் குழாய் மூலம் செலுத்திச் சினைப்படுத்தும் முறை அப்போதுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. காளை எந்த வேளையில் இணங்குகிறது, எதைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, வெயிலில் எப்படி, மழையில் எப்படி என்று ஆராய்வது எங்கள் வேலை. சுத்தமான விஞ்ஞானம்தான். ஆனால் பெண் வீட்டில் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? முதல் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பெண்ணின் அம்மா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. இரண்டாவது வீட்டில், "மாடுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறேங்க" என்று நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன். என்னை மாட்டுத் தரகன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்த இடம்தான் கிருபை. சத்தியவேட்டில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுடைய அப்பா அந்த ஊர்ச் சபையில் ஜெபமும் பிரசங்கமும் நடத்தும் உபதேசியார். சித்தூர் வேதக் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்குப் பாட வந்திருந்தவளை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது. அவளைக் கட்டாவிட்டால் வேறு யாரையும் கட்டுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன் (வேறு யாரும் தயாராக இல்லை என்பது வேறு விஷயம்). ஆகவே இந்தத் தடவை பேச்சுவார்த்தையை அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எம் புள்ள சர்க்கார்ல ஆராய்ச்சி பண்றான்" என்று சொல்லியனுப்பினாள்.

"இன்னா ஆராய்ச்சி?" என்று அங்கிருந்து கேட்டு வந்தது.

"அது இங்கிலீஷ்ல இருக்குது" என்று முடித்துவிட்டாள்.

உபதேசியார் சனிக்கிழமை சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மனிதர் வியாழக்கிழமையே, சொல்லாமல் கொள்ளாமல், நேராகப் பண்ணைக்கு வந்து நின்றார். மாப்பிள்ளையை வீட்டில் பார்ப்பதைவிட வேலை செய்கிற இடத்தில் பார்ப்பதே சரி என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் அந்த நேரத்தில் நான் ஒரு பசுவுக்குள் இருந்தேன்.

விளக்கிவிடுகிறேன். மரச்சட்டத்தில் பசு உருவம் ஒன்று செய்து, மேலே நிஜப் பசுத்தோலைப் போர்த்தியிருந்தோம். வைக்கோல் அடைத்த தலையும் உண்டு. வயிற்றுக்குள் ஓர் ஆள் குந்திக்கொள்ள இடம். காளை அதை நம்பி மேலே ஏறும்போது, உள்ளே இருப்பவன் வெந்நீர் நிரப்பி, முனையில் கண்ணாடிக் குப்பி மாட்டிய ரப்பர்க் குழாயைச் சரியான இடத்தில் நீட்டிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆறிவிட்டால் காளை இறங்கிப் போய்விடும். கொதித்தால் நம்மை ஆயுசுக்கும் மன்னிக்காது. பண்ணையிலேயே ஒல்லி நான்தான் என்பதால், காலேஜில் படித்துப் பாஸ் பண்ணிய நான் தினம் காலையில் பசுவின் வயிற்றில் ஏறிக்கொண்டேன். மனித வாடை வெளியே கசியாமலிருக்கத் தோலை வெளியிலிருந்து கயிறு போட்டு இறுக்கிவிடுவார்கள்.

சிம்மாத்ரி என்ற எங்கள் காளை, ஒரு வாரமாகப் பொய்ப்பசுவைப் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்ப்பதும், பெருமூச்சு விட்டுவிட்டுப் போவதுமாக இருந்தது. (எனக்கு ஏற்கெனவே பழக்கமான மரியாதை.) அன்று காலை காளைக்காரர் ரங்கய்யா அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது.

"தேவசகாயம் தம்பியப் பாக்கணும். சத்தியவேட்லேர்ந்து வர்றேன்."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருந்ததால் புதிதாக ஒன்றும் நனையவில்லை.

"லோபல உன்னாரு" என்றார் ரங்கய்யா.

"உள்ளன்னா, எந்த ரூம்ல?"

ரங்கய்யாவின் இரண்டு கையிலும் மூக்கணாங்கயிறு. முகவாயால் பசுவைக் காட்டியிருக்க வேண்டும்.  பிறகு காலடி ஓசை பசுவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலைப்பக்கம் நின்றது.

"தம்பி?" என்றார் உபதேசியார், வைக்கோல் தலையைப் பார்த்து.

"வாங்கய்யா. நான் வயித்துல இருக்கேன்" என்றேன். "வெளிய வர முடியலீங்க, கட்டியிருக்குது. சத்தமா பேசாதீங்க, காளை கோச்சிக்கும்."

"இன்னா வேல தம்பி இது?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னேன். இரண்டு பெண் வீட்டுக் கூடங்களில் நாக்குக் குழறி நின்ற அதே விஷயம், அந்த இருட்டில் தண்ணீர் மாதிரி வந்தது. எதற்காக இந்தக் குழாய், எதற்காக இந்தத் தோல், ஒரே காளையால் எத்தனை ஏழைக் குடியானவன் வீட்டில் நல்ல கன்று பிறக்கும், எல்லாம் சொன்னேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அதுதான் சௌகரியம்.

"உள்ள பயமா இல்லியா?"

"தெனமும் பயந்துகினுதாங்க உக்காந்திருக்கேன்."

குரல் இன்னும் கிட்டே வந்தது. "எம் பொண்ண எதுக்குக் கேக்குறீங்க?"

"சித்தூர்ல பாடும்போது ஒரு அடி தப்பாப் பாடிட்டு, அவங்களே சிரிச்சிட்டாங்க. அன்னியிலேர்ந்து எனக்கு வேற நெனப்பே இல்லீங்க."

இதை வெளிச்சத்தில் ஒருவரிடம், அதுவும் பெண்ணைப் பெற்றவரிடம், நான் ஏழு ஜென்மத்துக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உபதேசியார் குரலுக்கு வந்தார்.

"தெனமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ற பழக்கம் உண்டா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிம்மாத்ரி ஒரு வாரத்து யோசனையை அந்த நிமிஷத்தில் முடித்துக்கொண்டு மேலே ஏறியது. பழக்கதோஷத்தில் நான் குழாயை நீட்டினேன். முன்னங்கால் சட்டங்கள் இரண்டும் படீரென்று முறிந்தன. பசு உபதேசியார் முன்னால் பயபக்தியோடு முழங்கால் போட்டது.

வெந்நீர் முழுக்க என் தலையில். வெளியே, "வச்சிந்தி, வச்சிந்தி" என்று, வந்துவிட்டதைத் தெலுங்கில் கூவி ரங்கய்யா சந்தோஷத்தில் கூத்தாடினார். காளையை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்து, பின்பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தார். முன்பக்கம் தரையோடு கிடந்ததால் எனக்கு வேறு வழியில்லை. பசுவின் வால்பக்கமாக, தலை முதலில், ஈரத்தோடு, அப்போதுதான் பிறந்த கன்று மாதிரி வெளியே வந்தேன். எழுந்து நின்று மரியாதையாகக் கையை நீட்டினேன். அந்தக் கையில், ஒரு வாரமாக நாங்கள் காத்திருந்த கண்ணாடிக் குப்பி இருந்தது.

உபதேசியார் குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நாங்கள் நின்றிருந்தது கொட்டகைக்குள்.

மூன்றாவதும் போயிற்று என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று அம்மா பலகாரத்துக்கு மாவு கூடப் பிசையவில்லை. ஆனால் வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல" என்று ஆரம்பித்தார். "வீட்ல போயி நடந்ததச் சொன்னேன். எம் பொண்ணு சிரிச்சி சிரிச்சி தரையில உக்காந்துட்டா. அப்புறம், நீங்க இன்னா கேட்டீங்க, அவரு இன்னா சொன்னாருன்னு ஒண்ணு விடாம கேட்டா. சொன்னேன். 'இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் நாற்காலியில உக்காந்துகினு பொய் சொன்னாங்க. இவரு மாட்டுக்குள்ள குந்திகினு நெசத்த சொல்லியிருக்காரு, எனக்கு இவரு போதும்'ன்றா. அவகிட்ட பேசி ஜெயிச்சவங்க எங்க வீட்ல யாரும் இல்ல."

கல்யாணம் ஆயிற்று. மாமனாருக்கு மட்டும் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதையெல்லாம் முகம் பார்த்துத்தான் கேட்பார். முக்கியமான விஷயம் என்றால் என் முதுகுப்பக்கம் வந்து நின்றுகொள்வார். "திரும்பாதீங்க மாப்ள. மூஞ்சி தெரிஞ்சா நீங்க நெசம் பேச மாட்டீங்க" என்பார். கடைசிவரை அப்படித்தான். நானும் அப்படியேதான் பதில் சொன்னேன், பொய் சொன்னதில்லை.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, ஒருநாள் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வளையல் சத்தம். என் மகள்.

"நைனா, திரும்பாதீங்க. ஒண்ணு கேக்கணும்."

பேப்பரை மடித்தேன்.  அன்று உபதேசியாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"பையனுக்கு இன்னாம்மா வேல?" என்றேன்.

"பேங்க்ல, நைனா. மாடு எதுவும் இல்ல."

"நல்லவனா?"

"ம்."

"சரி" என்றேன்.  அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கும் தெரியாது. எதிரே முக்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிருபைக்கு மட்டும் இரண்டும் தெரிந்தது. சிரித்து சிரித்து அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.