ஒரே ஒரு கிரீச்

"இது பூனை," என்றாள் டைரக்டர் பர்னோ.

"கதவு, அக்கா," என்றான் குத்ரத்.

"கதவுன்னு நீ சொல்றே. ஜனங்க பூனைன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க. போன படத்துல உன் குதிரைக்குச் சிரிச்ச மாதிரி."

குத்ரத் தலையைக் குனிந்துகொண்டான். தாஷ்கந்தில் சினிமாவுக்குச் சத்தம் செய்து கொடுப்பதில் அவனுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். மாவுப் பையைப் பிசைந்தே ஒரு ஆளைப் பனியில் நடக்கவைப்பான். முட்டைக்கோஸ் தண்டை முறித்து வில்லனின் விலா எலும்பை உடைப்பான். ஆனால் போன படத்தின் சவ ஊர்வலக் காட்சியில் அவன் போட்ட குளம்போசையைக் கேட்டுத் தியேட்டரே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவனுடைய மச்சினன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று ஒரு தடவை கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

பர்னோ திரையில் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினாள். வீட்டில் தனியாக ஒரு பெண். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அவள் காதுக்கு அருகில் போகிறது. அடுத்து, அவளுக்குப் பின்னால் இருக்கும் கதவின் கைப்பிடி. மறுபடி காது. மறுபடி கைப்பிடி. இந்தத் தடவை அது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.

"பாக்கறவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதான் திகிலே," என்றாள் பர்னோ. "நாப்பது வினாடி இழுக்கறேன். பாட்டு இல்ல, இசை இல்ல. குழாய் சொட்டுற சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் நிக்குது. நின்னதும் ஜனங்க மூச்சை நிறுத்துவாங்க. அப்ப ஒரே ஒரு கிரீச். அந்த ஒரு கிரீச்சுதான் என் படம்."

"பழைய ஒலிநாடாவுல முப்பது கதவு இருக்கே."

"அந்த முப்பதையும் நாடகத்துல போட்டுத் தேய்ச்சாச்சு. எங்க வீட்டுக் கோழிக்குக்கூட அது டிவி கதவுன்னு தெரியும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குத் தேர்வுக்குழு பாக்குது. அதுக்குள்ள புதுசா ஒரு கதவு கொண்டா. இல்லன்னா சத்தத்தை இஸ்தான்புல்லுக்கு அனுப்பிடுவேன். அப்புறம் திரையில உன் பேர் வராது."

அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை முதல் காட்சிக்குக் குத்ரத்தின் மனைவி ஒய்தின் பதினேழு உறவினர்களை ஏற்கெனவே அழைத்திருந்தாள். திரையில் கணவன் பெயரைக் காட்டித் தன் தம்பியின் கனைப்பை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே குத்ரத்துக்கு விடை கிடைத்துவிட்டது. மீர்ஹமீத் வீட்டு வெளிக்கதவு. எங்கள் மகல்லாவில், அதாவது எங்கள் பேட்டையில், அந்தக் கதவைத் தெரியாதவர்கள் கிடையாது. காலை ஆறு மணிக்கு மீர்ஹமீத் ரொட்டி வாங்கக் கிளம்பினால் நான்கு தெருவும் எழுந்துவிடும். மெல்லியதாக ஆரம்பித்து, மேலே ஏறி, நடுவில் ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்புறம் அடிவயிற்றிலிருந்து முடியும். யோசிக்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதற்காக எந்த டைரக்டரும் காலில் விழுவார்.

"மீர்ஹமீத் அண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு மைக்கோட வரேன். உங்க கதவுச் சத்தம் சினிமாவுக்கு வேணும்."

மீர்ஹமீத் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். "என் கதவா? தம்பி, என் பாக்கியம்."

மறுநாள் பத்து மணிக்குக் குத்ரத் போனபோது கதவு புதுப் பச்சை வண்ணத்தில் பளபளத்தது. மீர்ஹமீத் ஒற்றை விரலால் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அது திறந்துகொண்டது.

"ஒரு சத்தம் வருதா பாரு," என்றார் பெருமையோடு. "ராத்திரி பூரா உக்காந்து பருத்தி எண்ணெய் போட்டேன்."

குத்ரத்தின் கையிலிருந்த மைக் தானாகக் கீழே இறங்கியது. "அண்ணே, சத்தம்தானே வேணும்னு சொன்னேன்."

"அது நீ மரியாதைக்குச் சொன்னது. நீ நல்ல குடும்பத்துப் பையன். 'உங்க கதவு நாராசமா கத்துது, ஊரே தூங்க முடியல'ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவியா? சினிமான்னு சொல்லி நாசூக்காப் புரியவெச்சே. எனக்கா புரியாது? வா, புலாவ் ஆறுது."

புலாவ் சாப்பிட இரண்டு மணி நேரம் ஆனது. புறப்படும்போது மீர்ஹமீத் அவன் தோளைத் தட்டி, "இருபது வருஷமா யாருக்கும் சொல்லத் தைரியம் வரல, நீ சொன்னே," என்று கண்கலங்கினார்.

குத்ரத்துக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் ஒரு பாடம் கிடைத்தது: காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனால்தானே வம்பு? சொல்லாமலே போய்விட்டால்?

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் புறப்பட்டான். ஒவ்வொரு வெளிக்கதவையும் லேசாகத் தள்ளுவது, காதைச் சாய்ப்பது, உதட்டைப் பிதுக்குவது, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது. ஒரு மனிதன் ஒரு மகல்லாவில் இப்படி ஒரு மணி நேரம் நடந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. நகராட்சியிலிருந்து கதவுச் சோதனை வந்திருக்கிறது, கத்துகிற கதவுக்கு நோட்டீஸ் ஒட்டப்போகிறார்கள் என்ற செய்தி அவனுக்கு இரண்டு வீடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போய்ச் சேருவதற்குள் ஒவ்வொரு கீலிலும் எண்ணெய் வழிந்தது. எங்கள் வீட்டுக் கதவும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குளித்தது. வெளியே அவன் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்து என் மனைவி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

போதாததற்கு, வந்த அதிகாரி நம் குத்ரத்தான் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மாலைக்குள் பதினான்கு கிண்ணம் உள்ளே போயிருந்தது. கிரீச் ஒன்றுகூடத் தேறவில்லை.

வேறு வழியில்லாமல் மகல்லாத் தலைவர் ஹோல்மத்திடம் போனான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். நிதானமானவர், எதையும் எழுதிவைத்துக்கொள்பவர். அவராவது புரிந்துகொள்வார்.

"ஐயா, விஷயம் இதான். ஒரு படம். அதுல ஒரு கதவு. அந்தக் கதவு கத்தணும். கத்தினாத்தான் ஜனங்க பயப்படுவாங்க. பயந்தாத்தான் என் பேர் வரும். நம்ம மகல்லாவுல எண்ணெய் போடாத கதவு ஒண்ணு காட்டுங்க, போதும்."

ஹோல்மத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது, நம்ம மகல்லாக் கதவு சினிமாவுல வருது."

"அதோட சத்தம் வருது."

"நாடு பூரா கேக்கும்."

"கேக்கும்."

"இன்னும் எண்ணெய் போடாத கதவும் இங்க இருக்கு."

"அதைத்தான் தேடறேன்."

"புரிஞ்சுது," என்றார் ஹோல்மத். அவர் முகத்தில் நிஜமாகவே கவலை தெரிந்தது. "நீ நிம்மதியாப் போ. நான் பாத்துக்கறேன். படத்தை எங்க போட்டுக் காட்டறாங்க?"

"பூங்கா பக்கத்துல, பழைய தியேட்டர்ல, ஐயா."

அதையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மகல்லாவின் கைபேசிக் குழுவில் அறிவிப்பு வந்தது: நமது மானம் நாடு முழுக்கக் கேட்கப்போகிறது, வீட்டுக்கு ஒருவர் எண்ணெயும் துணியுமாக ஹஷருக்கு வரவும். கால்வாய் தூர்வார, கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட என்று எங்கள் ஊரில் எல்லோரும் கூடிச் செய்வது ஹஷர். கதவுக்காகக் கூடியது இதுதான் முதல் தடவை. அறுபது பேர் வந்தார்கள். இரண்டு பெரிய கொப்பரையில் எண்ணெய், ஒன்றில் புலாவ். அவசரத்தில் புலாவுக்குப் போட வேண்டிய எண்ணெயையும் கதவுக்கே போட்டுவிட்டார்கள். கதவு, ஜன்னல், கோழிக்கூடு, தள்ளுவண்டி, தொட்டில் என்று ஒன்றையும் விடவில்லை. பத்து மணிக்கு எங்கள் மகல்லா கல்லறைபோல அமைதியாக இருந்தது. இரண்டு குழந்தைகள் தொட்டில் கத்தாததால் தூங்க மறுத்து அழுதன.

குத்ரத் ஓடி வீட்டுக்கு வந்தான். படுக்கையறை அலமாரி. கல்யாணத்தன்று வந்தது. திறந்தால் ஒட்டகம் எழுந்திருக்கிற மாதிரி ஒரு முனகல் கேட்கும். இத்தனை நாள் எப்படி மறந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டே திறந்தான்.

சத்தமே இல்லை.

ஒய்தின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நல்லாயிருக்கா? ஊரே உங்களுக்காக உழைக்குது, நான் மட்டும் சும்மா இருப்பனா?"

அவன் ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்தான். கட்டிலும் பேசவில்லை.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"நாளைக்கு அப்புறம் உன் தம்பி உள்ள வந்தும் கனைப்பான்," என்றான் குத்ரத். "நானும் சேர்ந்து கனைக்க வேண்டியதுதான்."

ஒய்தினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கவும் அவனுக்குத் தெம்பில்லை. ஸ்டுடியோவுக்குப் போய்த் தன் நாற்காலியையே ஆட்டி ஆட்டிப் பதிவு செய்தான். சத்தத்தைக் கூட்டினால் குண்டான ஒருவர் எழுந்திருப்பது போலிருந்தது. குறைத்தால் ஒன்றுமே இல்லை. சிரிப்பை வரவழைப்பதைவிட ஒன்றுமில்லாததே மேல் என்று, ஒலிபெருக்கியில் காதை ஒட்டினால் மட்டும் கேட்கும் அளவுக்கு வைத்துப் படத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பழைய தியேட்டருக்குப் போனபோது அவன் சட்டைப் பையில் மன்னிப்புக் கடிதம் இருந்தது. வாசலில் டிக்கெட் கிழிக்கும் ரிஸோலத் அம்மாள் பரபரப்பாக நின்றாள்.

"தம்பி, பெரியவங்க எல்லாம் வந்துட்டாங்க, என் கெண்டி இன்னும் கொதிக்கல. குழுத் தலைவர் டீ இல்லாம உக்காந்திருக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"எனக்கும்தாம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

தேர்வுக்குழு ஐந்து பேர். தலைவர் எந்தப் படமானாலும் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிறவர். இன்றைக்கும் தூங்கினார். பர்னோ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குத்ரத் கடைசி வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, கடிதத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான்.

காட்சி வந்தது. காது. கைப்பிடி. காது. கிண்ணத்திலிருந்து ஆவி. குழாய் சொட்டியது. இருட்டில் தலைவர்கூட விழித்துக்கொண்டார். கைப்பிடி இறங்கியது. சொட்டு நின்றது. தியேட்டரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. குத்ரத் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தான்.

கிரீச் என்றது.

மெல்லியதாக ஆரம்பித்தது. மேலே ஏறியது. நடுவில் யோசித்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து முடிந்தது. ஐந்து பேரும் சேர்ந்து பின்னால் திரும்பினார்கள். குழுவிலிருந்த பெண்மணி பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவரின் தொப்பி கீழே விழுந்தது. குத்ரத்துக்கே முதுகுத்தண்டு சில்லிட்டது. ஒரு நாற்காலிக்குள் இவ்வளவு இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பெரிய தியேட்டரின் மகிமை என்று நினைத்துக்கொண்டான்.

விளக்கு எரிந்தபோது எல்லோர் கையிலும் தேநீர்க் கிண்ணம் இருந்தது. தலைவர் தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்தார்.

"நாப்பது வருஷமா படம் பாக்கறேன்," என்றார். "பின்னாடிலேருந்து நிஜமாவே யாரோ வர்ற மாதிரி இருந்துது. திரை முன்னாடி இருக்கு, சத்தம் எப்படிப் பின்னாடி வந்துது?"

எல்லோரும் குத்ரத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு கணம் யோசித்தான்.

"தொழில் ரகசியம்," என்றான்.

பர்னோ அவனைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிரு குத்ரத். உன் பேர் தனியா வரும். முழுத் திரையில. ஆனா நாளைக்கும் இதே கிரீச். ஒரு மயிரிழை மாறக் கூடாது. அமைச்சர் வர்றார், மந்திரம் போட்ட மாதிரி இதே இடத்துல இதே மாதிரி வரணும்."

"வரும் அக்கா. நான் பொறுப்பு."

மன்னிப்புக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டான். வெளியே வந்து ஒய்தினைக் கூப்பிட்டான். "பதினேழு பேர் பத்தாது. மீர்ஹமீத் அண்ணன், ஹோல்மத் ஐயா, எல்லாரையும் கூட்டிட்டு வா. உன் தம்பியை முதல் வரிசைல உக்காரவை. ஆமா, கனைக்கிறவனைத்தான்." இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பார்த்ததில்லை.

யாரோ அவன் சட்டையைத் தொட்டார்கள். ரிஸோலத் அம்மாள். கையெல்லாம் பருத்தி எண்ணெய் வாசம். தலையை நிமிர்த்தவே இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தப் பொண்ணு காதை அவ்வளவு பெரிசாக் காட்டினாங்களே, அந்த நேரம் பாத்து நான் டீத்தட்டோட பின்கதவைத் தொறந்துட்டேன். கத்தின கத்துல எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க, மானமே போச்சு. நல்லவேளை, உங்க மகல்லாத் தலைவர் காலைலயே ஒரு டப்பா எண்ணெய் குடுத்து விட்டிருந்தாரு. இப்பத்தான் அத்தனை கீலுக்கும் ஊத்திட்டு வரேன், நாளைக்கு அமைச்சர் முன்னாடி ஒரு சின்னச் சத்தம்கூட வராது."