ஒரு தலைச்சுமை கித்தார்

மரத்துக்கு எண்ணெய் தேய்ப்பதா, மெழுகு பூசுவதா என்பது தச்சனும் மரமும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று மூக்கண்டப்பள்ளி அருள்ஜோசப் மேஸ்திரி நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தார். அறுபத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அந்த நம்பிக்கை மாநில எல்லைச் சோதனைச்சாவடியில் பறிமுதலாயிற்று.

அந்த வருஷம் பெங்களூர்க் கோவில்களில் ஆர்மோனியம் பழசாகிவிட்டது. கித்தார் இல்லாவிட்டால் ஆண்டவருக்குக் காது கேட்காது என்ற நிலைமை. மேஸ்திரியின் மகள் மேரிராணிக்கு ஈஸ்டர் பூசையில் வாசிக்க இடம் கிடைத்திருந்தது. சொந்தக் கித்தாரோடு வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. மேஸ்திரி பலா மரத்தில் ஒன்று செய்தார். பெங்களூர்க் கோவில் பாட்டு வாத்தியாரிடம் காட்டிவிட்டு வந்து பூச்சு வேலை பார்க்கலாமென்று மகளோடு பஸ் ஏறினார்.

சாவடி அதிகாரி கங்கப்பன் கித்தாரைத் தட்டிப் பார்த்தார்.

"மரத்துக்குப் பாஸ் எங்க, மேஸ்திரி?"

"இது கித்தாருங்க."

"மேல ஒண்ணும் பூசலையே. பூசாத வரைக்கும் மரம்."

"நடுவுல ஓட்டை இருக்குங்களே."

"மரத்துல பொந்து இருக்கறதில்லையா?"

மறுப்பதற்கில்லை. வீட்டுக்குப் போய்த் தேன்மெழுகு பூசி, பளபளவென்று புதன்கிழமை கொண்டுவந்தார். கங்கப்பன் முகர்ந்தார்.

"தேன்மெழுகு. சிறு வனவிளைபொருள். எந்தக் காட்டுல எடுத்தது?"

"கெலமங்கலம் சந்தையிலங்க."

"சந்தையைக் காடுன்னு எழுத முடியாது."

மேஸ்திரி உப்புத்தாள் போட்டு மெழுகைத் தேய்த்தெடுத்தார். பெரிய வெள்ளியன்று உளியைத் தொடமாட்டார். ஆகவே வியாழனே ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக் கொண்டுபோனார்.

"எண்ணெய் வெளி மாநிலம் போகணும்னா கலெக்டர் பர்மிட் வேணும்."

"ரெண்டு கரண்டிதாங்க. அதையும் மரம் குடிச்சிருச்சு."

"அப்ப மரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுக் கடத்தறீங்க."

மேரிராணிக்குப் பொறுக்கவில்லை. "உங்க தலையிலகூட எண்ணெய் இருக்குதே, சார். நீங்க அந்தப் பக்கம் போறதில்லையா?"

"போவேன்மா. அது டூட்டி எண்ணெய்."

சனிக்கிழமை கித்தார் மறுபடி வெறும் மரமாக வந்து நின்றது. மேரிராணியின் கண்கள் சிவந்திருந்தன. அடுத்த பஸ்ஸை விட்டால் பூசைக்குப் போய்ச் சேரமுடியாது. கங்கப்பன் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிப்புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். தலைச்சுமை விறகுக்குப் பாஸ் தேவையில்லை என்று ஒரு மூலையில் இருந்தது.

"தலையில வெச்சுக்கோம்மா" என்றார். சீட்டில் எழுதினார்: "சுள்ளி, ஒன்று. எரிப்பதற்கு மட்டும்."

மேரிராணி தலையில் கித்தாரோடு எல்லையைக் கடந்தாள். பூசையில் வாசித்தாள். பூச்சே இல்லாத கித்தாரைப் பார்த்த பாட்டு வாத்தியார், இதுதான் இப்போது வெளிநாட்டு மோஸ்தர் என்றார். மறுநாளே நாலு பணக்கார வீடுகளில் புத்தம்புதுக் கித்தார்களைச் சுரண்ட ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் திரும்பி வரும்போது கங்கப்பன் சீட்டை வாங்கிப் படித்தார்.

"எரிக்கறேன்னு கொண்டுபோனீங்க. சாம்பல் எங்க?"

பக்கத்து டீக்கடைத் திம்மராயன் அடுப்பிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்து நீட்டினான். கங்கப்பன் அதை எடைபோட்டு, முத்திரை குத்தி, "முறைப்படி எரிந்தது" என்று சான்றிதழ் கொடுத்தார். எரிந்துபோன பொருளைக் கொண்டுபோக யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதன்பிறகு அந்தக் கித்தார் எல்லையில் காற்றைப்போல் போய்வந்தது.

விஷயம் பரவிற்று. சுற்றுவட்டத் தச்சர்கள் எல்லாரும் முக்காலி, பெட்டி, தொட்டில் என்று விறகுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய், சாம்பல் பொட்டலத்தோடு திரும்பினார்கள். பூச்சு வேலையையே மறந்தார்கள். திம்மராயன் டீ போடுவதை விட்டுச் சாம்பல் போட ஆரம்பித்தான். அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டோம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒருநாள் வரிசையில் அருள்ஜோசப்புக்கு முன்னால் கெலமங்கலம் ஆஞ்சப்பன் நின்றிருந்தார். அவர் பொட்டலத்தை மேஸ்திரி எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு நசுக்கினார். முகம் இறுகிற்று.

"சார், இவர் கொண்டுபோனது மாமரத்து முக்காலி. இது கொட்டாங்குச்சிச் சாம்பல். செல்லாதுங்க."

கங்கப்பன் எழுந்து, தன் நாற்காலியை மேஸ்திரிக்கு இழுத்துப் போட்டார்.