புடலங்காய்க்குப் பூட்டு

சென்னை மாநகரத்தில் எந்தப் புடலங்காய் வளைந்து வளர்ந்தாலும் அதைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்ளும் மனிதர் ஒருவர்தான் உண்டு. மந்தைவெளியில், எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறார். பெயர் இருக்கிறது, யாருக்கு வேண்டும்? 'நேர் மாமா' என்றால் தபால்காரருக்கே தெரியும்.

அவருக்குக் கோணல் ஆகாது. படியேறும்போது எல்லார் வீட்டு வாசலிலும் செருப்பை நேராக்கிவிட்டுத்தான் போவார். ஒருமுறை என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டரை நிமிர்த்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், அப்புறம் எப்போ உயிர் போச்சு?" என்றார்.

போன வருஷம் பொங்கல் முடிந்ததும் இந்த மனிதர் காய்கறி போடுகிறேன் என்று சாக்பீஸும் நூலுமாக மொட்டை மாடிக்கு ஏறினார். தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. இது கத்திரிக்கு, அது வெண்டைக்கு, அந்த மூலையில் புடலைப் பந்தல். சாயங்காலம் குழந்தைகள் அதில் பாண்டி ஆடினார்கள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "வெண்டைக்காய்ல ரெண்டு காலையும் ஊனாதே, அவுட்டு" என்று நடுவராக நின்றார்.

பங்குனியில் புடலை பிஞ்சு விட்டது. அதே சமயம் மேல் மாடியில் இருக்கும் குடியிருப்புச் சங்க செகரெட்டரியின் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. அவர் ஈக்காட்டுத்தாங்கலில் இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருப்பவர், பேச்சும் இரும்புதான்.

"உங்க தோட்டத்துத் தண்ணிதான் மாமா என் தலைல சொட்டிக்கினு கீது. இனிமே மாடிக்குப் பூட்டு" என்று தடியான பூட்டோடு வந்துவிட்டார்.

அந்த வெயிலில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் தோட்டம் அவ்வளவுதான். தாழ்ப்பாளில் கோணலாகத் தொங்கிய பூட்டை நேராக்கிவிட்டு மாமா இறங்கிப் போனார்.

மறுநாள் காலை செகரெட்டரியின் மனைவி வடாம் பிழிய மாடிக் கதவைத் திறந்து, பூட்டைத் தாழ்ப்பாளிலேயே தொங்கவிட்டிருந்தார். பிழிந்துவிட்டுத் திரும்பினால் பூட்டைக் காணோம். தேடிப் பார்த்தால் ஒரு புடலம் பிஞ்சின் நுனியில் நூல் கட்டி, அதில் தொங்குகிறது; பக்கத்தில் மாமா. நேராக வளர்வதற்காகப் புடலைக்குக் கல் கட்டுவது எல்லோரும் செய்வதுதான். அடுக்குமாடியில் கல்லுக்கு எங்கே போவது?

"இன்னா மாமா இது?" என்றார் மேலே ஏறி வந்த செகரெட்டரி.

"வளைய ஆரம்பிச்சுடுத்து. கைக்கு இதுதான் கெடைச்சுது. இப்போ எடுத்தா கோணிடும். நாலு நாள் கழிச்சுப் பூட்டிக்கோங்கோ."

செகரெட்டரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "சரி, நாலு நாள்தான்" என்று இறங்கிப் போனார்.

புடலையில் ஒரு சங்கடம், ஒன்று நேராவதற்குள் அடுத்தது பிஞ்சு விட்டுவிடும். செகரெட்டரி வாங்கிய இரண்டாவது பூட்டும் காய்க்கே போயிற்று. மூன்றாவதும் அப்படியே. பந்தல் பூட்டுக்கடை மாதிரி ஆன சமயத்தில் பிளம்பர் வந்து, ஒழுகுவது மாடித் தண்ணீர் டாங்கின் குழாய், தோட்டமில்லை என்று சொல்லிவிட்டார். மாமா வேண்டுமென்றே செய்தாரா, வெகுளியாகச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "காய் நேரா வந்துதா இல்லையா?" என்பார்.

இந்த வருஷம் விதை ஊன்றிய கையோடு மாமாவுக்கு முட்டி ஆபரேஷன். கோபாலபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், படியேற டாக்டர் விடவில்லை. போனில் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பிஞ்சு விட்டுடுத்தா? யாரு கல் கட்டறா?" என்று கேட்டார்.

நேற்று மாடிக்குப் போனால், செகரெட்டரி நாற்காலி போட்டு அதன்மேல் நிற்கிறார். காய்களின் நுனியில் வரிசையாகக் கொக்கி வைத்த இரும்புக் குண்டுகள்.

"நம்ம பட்டறைல கடைஞ்சது சார். எல்லாம் ஒரே வெயிட்டு. பூட்டுன்னா ஒண்ணொண்ணும் ஒரு சைஸ்ல கீது, மாமா வந்து பாத்தா மனசு ஒடிஞ்சிடுவாரு."

போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது: 'மூணாவது காய் கொஞ்சம் இடப்பக்கம் சாயறது.'

அதையும் சரிசெய்துவிட்டோம். என் வாசலில் செருப்பு மட்டும் கோணலாகவே கிடக்கிறது. நான் தொடுவதாக இல்லை. அது அவர் வேலை, அவரே வந்து செய்யட்டும்.