தங்கம் அண்ணனின் விமான சீட்

தகரத்திடம் அன்பாகவும் மனிதர்களிடம் சிடுசிடுப்பாகவும் இருப்பதில் தங்கம் அண்ணனை மிஞ்ச அரபு நாட்டுக் கராஜ் வட்டாரமான அல் கூஸில் ஆள் கிடையாது. கராஜில் டென்ட் எடுக்கிற, அதாவது வண்டியின் நசுங்கலை நிமிர்த்துகிற வேலை. நசுங்கிய கார் கதவைத் தடவி, "வா தங்கம், நிமிரு" என்பார். அதுவும் நிமிரும். ஸ்டோர் கீப்பரான என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நியாயம்தான். ஏற்கெனவே இரண்டு தப்பு செய்து, மூன்றாவது நடந்தால் விசா கேன்சல் என்று அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அர்பாபுக்குப் பழைய விமானங்கள் மேல் பைத்தியம். வடதுருவத்துப் பக்கம், உறைந்த ஏரிமேல் மூக்குக்குப்புற விழுந்து கிடந்த ஒரு கிழட்டுக் குட்டி விமானத்தை வாங்கிவிட்டார். பனி உருகுவதற்குள் சரிசெய்து பறக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏரிக்குள் போய்விடும். எஞ்சினைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார பைலட், உடம்பைப் பார்க்க அண்ணன், சாமான்களைப் பார்க்க நான். பைலட்டைத் தவிர ஒரே ஒரு சீட். அதில் அண்ணன் வரலாம் என்று அர்பாப் வாக்குக் கொடுத்திருந்தார். இருபது வருஷமாக அடுத்தவன் ஏறிப்போகிற வண்டிகளையே நிமிர்த்திய மனிதர், அந்த சீட்டைத் தினமும் துடைத்துவைத்தார். நான் நான்கு பேன்ட் போட்டுக்கொண்டு, குடிதண்ணீர் பாட்டில் உறையாமல் கட்டிப்பிடித்துத் தூங்கினேன்.

குளிரில் எஞ்சின் ஆயில் இறுகிவிடும் என்று, அதை வடித்துக் கூடாரத்துக்குள் அடுப்போரம் வைப்பார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த கேன் என் கண்ணில் பட்டது. அல் கூஸ் ஸ்டோரில் முதல் பாடமே, ஆயிலைச் சூடுபடாமல் நிழலில் வை என்பதுதான். பதினைந்து வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? வெளியே தூக்கிப்போய்க் கூடாரத்தின் நிழலில் வைத்துவிட்டு, திருப்தியாக டீ குடித்தேன்.

காலையில் ஆயில் அல்வாவாக இருந்தது. வெயில் ஏறினால் பனி இளகிவிடும், விமானம் ஓடாது என்று பைலட் தலையில் கைவைத்தார். அண்ணன் சாம்பார்ப் பானையைக் காலிசெய்து, ஆயிலை அதில் போட்டு அடுப்பிலேற்றினார். அதற்குள் சேட்டிலைட் போனில் அர்பாப், இது யார் வேலை என்று கத்தினார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அண்ணன் போனைப் பிடுங்கி, தன் தப்பு என்று இந்தியில் சொல்லிவிட்டார். தண்டனை உடனே வந்தது. அவருக்கு சீட் கிடையாது, பொறுப்பான ஸ்டோர் கீப்பர் வரட்டும்.

"ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?"

"டென்ட் எடுக்க ஆள் வேணும், என்னைய ஊருக்கு அனுப்ப மாட்டாரு. உன்னைய எதுக்கு வச்சிருக்கோம்னு அவரு ஒரு நிமிஷம் யோசிச்சா உன் கதி என்னாகும்? போய் ஏறு."

ஏறினேன். சாம்பார் வாசனையோடு எஞ்சின் உறுமியது. ஈரப்பனியில் தத்தித் தத்தி ஓடி, விமானம் எழும்பியது. தரைவழியே திரும்பப் பனிவண்டிக்காகக் காத்து நின்ற அண்ணன், தான் நிமிர்த்திய இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்பாபுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அண்ணே, நீங்கள் கீழே சின்னப் புள்ளியாகிப் போனபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். பைலட், பயந்துவிட்டேன் என்று நினைத்து என் பெல்ட்டை இறுக்கிவிட்டார்.