தாலி உள்ளே, நாங்கள் வெளியே

எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்புகிறவர்களிடம் விலையுயர்ந்த பொருள் எதையும் கொடுத்து வைக்கக் கூடாது. நடைமுறை தெரியாதவன் பயத்தில் கவனமாக இருப்பான். தெரிந்தவன், தெரியும் என்ற தெம்பில் எங்காவது பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்பான். இதை நான் வாசித்து அறியவில்லை. லண்டன் வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பட்டு வேட்டியும் சால்வையுமாக, என் தம்பி சிவத்தின் கல்யாணத்தன்று கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நான் வால்தம்ஸ்டோவில் ஓர் உள்ளலங்கார நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் மனேஜர். யப்பானிய வங்கிகளும் வர்த்தகக் கொம்பனிகளும் லண்டன் சிட்டியில் அலுவலகம் திறந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய கூட்ட அறைகளின் சுவர்களுக்கு மர வெனியர் ஒட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. வெனியர் என்றால், நல்ல மரத்தைக் காகிதம் போல மெல்லியதாகச் சீவி, மலிவான பலகையின் மேல் ஒட்டுவது. (அலுவலகத்தில் சில மேலதிகாரிகளும் அதே முறையில்தான் தயாரிக்கப்பட்டிருந்தார்கள்.)

வெனியருக்குப் பரம எதிரி தண்ணீர். ஈரம் பட்டால் மரம் ஊதும், ஒட்டு விடும், சீவல் சுருளும். எனவே ஸ்டோர்ஸுக்குள் தண்ணீர், தேநீர், ஈரக்குடை, ஈரக்கோட்டு எதுவும் வரக்கூடாது என்று விதி எழுதி, பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினவன் நான். தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்த டிரெக்டரையே வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்தக் கதையை வீட்டில் பலமுறை சொன்னதால், என் மனைவி மலர் அதை என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

யப்பானியர் பக்கத்தில் வேலையை மேற்பார்வை செய்தவர் ஒக்கடா என்பவர். கண்ணை மூடிக்கொண்டு பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இந்த இடத்தில் சரியில்லை” என்பார். சரியாக அந்த இடத்தில் சரியிருக்காது. ஊருக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு பெட்டி பரிசு தந்தார். அவருடைய நாட்டில் ஹக்கோனே என்ற மலைப்பகுதியில் செய்வதாம். வெவ்வேறு நிற மரக் குச்சிகளைச் சேர்த்து ஒட்டி, கோலம் போலக் கட்டையாக்கி, அந்தக் கட்டையை இழைப்புளியால் சீவுவார்கள். ஒவ்வொரு சீவலிலும் முழுக் கோலமும் வரும். அதைப் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். சாயம் கிடையாது. வெள்ளை, மஞ்சள், கபிலம், கறுப்பு எல்லாம் மரத்தின் சொந்த நிறங்கள்.

அதைவிட விசேஷம், பெட்டிக்குப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை, மூடி எது என்றும் தெரியாது. ஒரு பக்கப் பலகையைச் சற்று நகர்த்த வேண்டும். அப்போதுதான் அடுத்த பக்கம் கீழே இறங்கும். அது இறங்கினால் மற்றது நகரும். இப்படி முறை தவறாமல் நகர்த்தி வந்தால் கடைசியில் மேற்பலகை வழுக்கித் திறக்கும். நடைமுறையே உருவெடுத்து வந்த மாதிரி ஒரு பொருள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடுக்கும்போது ஒக்கடா ஒன்றே ஒன்று சொன்னார்: “தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

“என்னிடமா சொல்கிறீர்கள்?” என்று சிரித்தேன்.

பிறகு சிவத்துக்குக் கல்யாணம் சரிவந்தது. பெண் ரதி, வெம்பிளிப் பிள்ளை. ரதியின் தாயார், நாங்கள் எல்லோரும் மாமி என்று அழைக்கிறவர், சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரி. முதலில் பார்த்த நாளை, கார்ட் அச்சடித்த கடையில் கரண்ட் போனதைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார். இந்த முகூர்த்தமும் தவறினால் அடுத்து வருவது கல்யாணம் வைக்காத ஆடி மாதம், அதற்குப் பிறகு என்ன நடக்குமோ என்று சிவம் நித்திரையில்லாமல் திரிந்தான். அந்தப் பெண்ணுக்காக அவன் மாமியின் வீட்டுக் குளியலறைக்கு இலவசமாக ஓடு பதித்துக் கொடுத்திருந்தான். அவ்வளவு காதல்.

எங்கள் வழக்கப்படி தாலி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அந்த நாட்களில் தமிழர் வீடுகளில் கல்யாணம் என்றால் நகை இருக்கும் என்று கள்ளருக்கும் தெரிந்திருந்தது. செவன் கிங்ஸில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டை உடைத்திருந்தார்கள். ஆகவே தாலியையும் கொடியையும் யப்பான் பெட்டிக்குள் வைத்து, நானே கொண்டுபோய், மணவறையில் நானே திறந்து கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

“இஞ்சருங்கோ,” என்றாள் மலர், “நகைக்கடைக்காரன் தந்த சின்னப் பெட்டிக்கு என்ன குறை?”

“அதை யாரும் திறக்கலாம்.”

“திறக்கிறதுக்குத்தானே பெட்டி. உங்களுக்கு வழியில நெஞ்சுவலி வந்தால் தாலிக்கு ஆரிட்டப் போறது? யப்பானுக்கோ?”

சிவத்தையும் மலரையும் உட்கார வைத்து, பெட்டியை மூன்றாம் முறையும் திறந்து காட்டினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கியது. “பாத்தியளோ?” என்றேன். இருவரும் பார்த்தது என்னவோ என் முகத்தைத்தான்.

கல்யாணத்தன்று நான் தாலியை மறக்கவில்லை. என் கவலையெல்லாம் மண்டபத்தின் புகை அலாரத்தில் இருந்தது. ஓமம் வளர்த்தால் அலாரம் அடிக்கும், அடித்தால் தீயணைப்பு வண்டி வரும். அதற்குரிய அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, மண்டபக் காவலாளியோடு அலாரத்தின் சுவர்ப்பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். தாலிப் பெட்டியை மட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று, பித்தளைத் தட்டில் வைத்து ஐயரின் பக்கத்தில் விட்டிருந்தேன்.

ஐயர் தாராள மனசுக்காரர். மற்ற ஐயர்மார் மாவிலையால் தண்ணீர் தெளிப்பார்கள். இவர் நீர்ப்பாசனம் செய்தார். ஒவ்வொரு மந்திரத்துக்கும் கும்பத்திலிருந்து தட்டின் மேல் ஒரு வீச்சு. பிறகு மஞ்சள் தண்ணீர். பிறகு பால். நான் தூரத்தில் நின்று, விளக்கொளியில் என் பெட்டி பளபளப்பதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். (அது ஏன் பளபளத்தது என்று யோசிக்கவில்லை. டிரெக்டரின் தேநீரைத் தடுத்த அதே ஆள்தான் நான்.)

“தாலியைக் கொண்டாங்கோ,” என்றார் ஐயர்.

மேடைக்கு ஏறினேன். தட்டில் குளம் கட்டியிருந்தது. பெட்டி அதில் ஆறுதலாக உட்கார்ந்திருந்தது. தூக்கித் துடைத்துவிட்டு, முதல் பலகையை நகர்த்தினேன். நகரவில்லை. மறுபக்கமாகப் பிடித்து நகர்த்தினேன். சுவரைத் தள்ளுவது போல இருந்தது.

“அண்ணை,” என்றான் சிவம், தலைப்பாகைக்குக் கீழிருந்து, உதடு அசையாமல். “திறக்கேலுமோ ஏலாதோ?”

“பொறு. இதோ திறக்கிறன்,” என்றேன், சற்று உரக்க.

அங்கேதான் அடுத்த பிழை. எங்களிடம் மேளக்காரர் இல்லை. கெட்டிமேளம் கசெட்டில் இருந்தது. அதற்குப் பொறுப்பானவர் என் குரலைக் கேட்டு, நேரம் வந்துவிட்டது என்று பொத்தானை அமத்திவிட்டார். மேளம் அதிர்ந்தது. சபை முழுக்க எழுந்து அறுகரிசி எறிந்தது. பூ எறிந்தது. பின்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவமும் ரதியும் தாலி இல்லாமல், தலை நிறைய அரிசியோடு, சபையைப் பார்த்து முழுசிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மேளம் நின்றது. கசெட்டைப் பின்னுக்குச் சுற்றும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“என்ன நடக்குது?” என்றார் மாமி.

“ஒண்டுமில்லை மாமி. மரம் ஈரத்தை உறிஞ்சி விரிஞ்சிருக்கு. இது எல்லா மரத்துக்கும் உள்ள இயல்பு. இந்த வேலைப்பாட்டில பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி மயிரளவும் இல்லாததால…”

“தம்பி, தாலி எங்க?”

“உள்ள.”

மாமி கதிரையில் உட்கார்ந்தார். “கரண்ட் போன அண்டைக்கே நினைச்சனான்,” என்றார். அவர் வாயில் ஆடி மாதம் வருவதற்கு இன்னும் ஒரு வசனம்தான் இருந்தது.

தேங்காய் உடைக்கிற கத்தியோடு யாரோ மேடைக்கு வந்தார். தாலி இருக்கிற பெட்டியைக் கல்யாணத்தன்று வெட்டுவதா என்று மாமி எழுந்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னேரம் இன்னொரு கல்யாணம், கார் வெளியே நின்றது. “நேரம் போகப் போகுது, கெதியாப் பாருங்கோ,” என்றார், கும்பத்துத் தண்ணீரை இன்னுமொருமுறை என் பக்கம் தெளித்துக்கொண்டே. பெட்டியைச் சால்வைக்குள் ஒளித்தேன். வீடியோ எடுக்க வந்த ஜெராட், மன்னார்க்காரர், கத்தோலிக்கர், கமராவுக்குப் பின்னாலிருந்து ஆறுதல் சொன்னார்: “சேர்ச்சில மோதிரம் எண்டால் பொக்கெட்டுக்குள்ள இருக்கும் அண்ணை.”

சிவம் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடு பதித்துக் காய்த்துப்போன கைகள். அதைப் பார்த்ததும் பெட்டியைச் சால்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன்.

அப்போது, அதுவரை குனிந்த தலை நிமிராத மணப்பெண் நிமிர்ந்தாள்.

“அத்தான்,” என்றாள் ரதி, என்னைப் பார்த்து. “விடியத் தொடங்கி இந்த வீடியோ லைட்டில எனக்கு முகம் பொரியுது. போட்ட மேக்கப் எல்லாம் காஞ்சு வெடிச்சுப்போச்சு. என்னைக் காய வைக்கிற லைட் உந்தப் பெட்டியைக் காய வைக்காதோ?”

அந்தக் காலத்து வீடியோ லைட் உங்களுக்கு நினைவிருக்கலாம். தடியில் கட்டிய ஒரு சூரியன். ஜெராட் உடனே அதைக் கீழே இறக்கினார். நான் மணவறைக்கு முன்னால் சம்மணமிட்டு, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன், அப்பளம் வாட்டுகிற மாதிரி. மலர் பக்கத்தில் குந்தியிருந்து சேலைத் தலைப்பால் துடைத்தாள். கோலச் சீவல்கள் ஓரத்தில் சுருளத் தொடங்கின. பால் காய்கிற மணம் வந்தது. ஒக்கடாவின் உள்ளங்கையை நினைத்துக்கொண்டேன். இப்போது தடவினால் எந்த இடத்திலும் சரியில்லை என்பார்.

“இப்ப பாருங்கோ,” என்றாள் மலர்.

பெருவிரலால் தள்ளினேன். ஒரு சின்ன முனகல். முதல் பலகை நகர்ந்தது.

அதற்குப் பிறகு என் கை தானாக ஓடியது. பக்கம், கீழ், மறுபக்கம். மேற்பலகை பாதி திறந்ததும் மலர் விரலை விட்டுத் தாலியை இழுத்தெடுத்து ஐயரிடம் கொடுத்தாள். என்னிடம் தரவில்லை. பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்தார்கள். ஐயர் தலையாட்ட, மேளம் இம்முறை உண்மையாகவே அதிர்ந்தது. எறிய அரிசி மிச்சமில்லாததால் சபை கை தட்டியது. சிவம் தாலி கட்டினான். நேரம் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. நான் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடுவது இவ்வளவு சுகமான காரியம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமி என்னைக் கடந்து போகும்போது நின்றார். “அவ்வளவு இறுக்கமா இருந்த பெட்டியும் திறந்திட்டுதே. நல்ல சகுனம்தான்,” என்றார். அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கல்யாண வீடியோவில் அந்தப் பகுதி இன்றும் இருக்கிறது. லைட்டைக் கீழே இறக்கிய ஜெராட் கமராவை நிறுத்த மறந்துவிட்டார். ஆகவே மேடை முழுக்க ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள், ஒக்கடாவின் நாட்டில் சீவல்களை எப்படி ஒட்டுகிறார்கள் என்று யாரோ ஒருவர் நிறுத்தாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் மலரின் குரல்: “கதைக்காமல் பிடியுங்கோ.” குடும்பத்தில் யார் எதற்கு நீளமாக விளக்கம் சொன்னாலும் இன்று அந்த இரண்டு சொல்தான் பதில்.

பெட்டி ரதியிடம் இருக்கிறது. கோலம் பாதி உரிந்து, சொறி பிடித்த பூனை மாதிரி, அவர்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்திருக்கிறாள். இப்போது எல்லோருக்கும் அது சுலபமாகத் திறக்கும்.

சென்ற மாதம் அவர்களுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, ஏதாவது பொறுப்பு எடுக்கிறேன் என்று போன் பண்ணினேன். பிள்ளைதான் எடுத்தாள்.

“நீங்கள் வந்து முன்வரிசையில இருந்தால் காணும், பெரியப்பா,” என்றாள். “இப்ப வாற வீடியோ லைட் ஒண்டும் சுடாது.”