நாத்தனார் கண்ணீர் அரை டம்ளர்

நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதா? கவலையே வேண்டாம். அது நோயல்ல, கண்ணீர். நீங்கள் அழவைத்த யாரோ ஒருவருடைய கண்ணீர் உங்களைத் தெருத்தெருவாகத் தேடி அலைந்து, கடைசியில் விலா எலும்புக்குள் குடியேறிவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கண்ணீர் வைத்தியர். ஊரில் பாதி அவர் வீட்டு மாடிப்படியில் இருமிக்கொண்டு நின்றது.

முறை எளிது. நோயாளி தலையோடு போர்த்திக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பேசக் கூடாது. வைத்தியர் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் சக்தி இறங்கிவிடுமாம். போர்வைக்குள் கைவிட்டு, ஒரு செம்பின் வாயை முதுகில் அழுத்தி, மூச்சைப் பிடித்து முக்குவார். செம்பு வெளியே வரும்போது அதில் அரை டம்ளர் நீர். ஒரு சொட்டு நாக்கில் விட்டு, யாருடைய கண்ணீர் என்று உறவுமுறையோடு சொல்லிவிடுவார். ஆய்வுக்கூடத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்த மகான்.

தையல்காரருக்குப் பல வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல். இருமல். அவர் தனக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை தொளதொளத்தது. மூச்சை இழுத்தால் வலப்பக்கம் குத்தியது. எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா சொன்னார்:

"வலது நுரையீரலைச் சுத்தி நீர் இருக்கு. இதயம், கிட்னி, புற்று, எதனாலயும் வரலாம். எனக்குக் காசநோயோன்னு சந்தேகம். ஊசி போட்டு எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

"எவ்ளோ பெரிய ஊசி?"

டாக்டரம்மா காட்டினார். நாள் முழுக்க ஊசியோடு பிழைக்கிற மனிதர், நேரே கண்ணீர் வைத்தியரிடம் ஓடிவிட்டார்.

அங்கே தீர்ப்பு: கொழுந்தியாள் கண்ணீர். அவள் தையல்காரர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

கொழுந்தியாள் அன்றைக்கே வந்து மிதித்தாள். "நான் எப்ப மாமா அழுதேன்?"

"உள்ளுக்குள்ள... அழுதிருப்ப."

"உங்க கல்யாணத்துலகூட நான் அழல. அக்காதான் அழுதா."

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு முறை செம்பு வைத்தும், கணவர் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "இப்படியே விட்டா இவர் போயிடுவாருடி" என்றாள்.

"மாமா, ஒரு பந்தயம். இன்னொரு ஆளைக் கூட்டிட்டுப் போறேன். வைத்தியர் சரியாச் சொல்லிட்டா நான் இந்தப் பக்கமே வரல. தப்பாச் சொன்னா நீங்க ஊசி போட்டுக்கணும்."

"அவர் தப்பாச்... சொல்ல மாட்டாரு."

"அப்புறம் என்ன பயம்?"

மறுநாள் சக்கர நாற்காலியில் போர்த்திய உருவம் ஒன்று மாடிக்குத் தூக்கி வரப்பட்டது. பின்னாலேயே தையல்காரர், மனைவியின் தோளைப் பிடித்தபடி. "ரொம்ப முத்திப்போச்சு போல, அசையவே மாட்டேங்கறாங்க" என்று இரக்கப்பட்டுக் கூட்டம் வழி விட்டது.

வைத்தியர் முதுகைத் தட்டினார். டொக்கு டொக்கென்றது. "நீர் இறுகிக் கட்டியாயிடுச்சு" என்றார். முக்கினார். எடுத்தார். சுவைத்தார். "நாத்தனார் கண்ணீர். பழைய பகை."

கொழுந்தியாள் போர்வையை உருவினாள். தையல் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கோட்டு மாட்டி நிற்கும் பொம்மை, இடுப்புவரைக்கும் மட்டும், பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"பிளாஸ்டிக்குக்கு ஏதுய்யா நாத்தனாரு?"

கூட்டம் கழுத்தை நீட்டிப் பொம்மையைப் பார்த்தது. பிறகு படியோரமிருந்த ஒரு அம்மா நெகிழ்ந்து போய்ச் சொன்னார்: "பொம்மை நெஞ்சுலருந்தே நீர் எடுக்கறாருன்னா, எவ்ளோ சக்தி இருக்கணும்."

கூட்டம் ஆமோதித்தது. வைத்தியர் முகத்தில் உயிர் வந்தது. அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். அங்கேதான் தவறு செய்தார். கொழுந்தியாள் செம்பைப் பிடுங்கி, உள்ளே விரலைவிட்டு அழுத்தினாள். அடியில் ஒட்டியிருந்த பஞ்சிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் மடியில் கொட்டியது.

"இது யாரு கண்ணீரு, உங்க சித்தப்பாவோடதா?"

கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார் வைத்தியர். இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்.

தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஊசியே... போடட்டும்."

ஊசியில் வந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. அந்த நீரில் காசநோய்க் கிருமி லேசில் அகப்படாது என்பதால், நுரையீரல் உறையிலிருந்து துளிச் சதையும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

"சுவைச்சுப் பாக்க... மாட்டீங்களா டாக்டர்?" என்றார் தையல்காரர்.

"நீங்க வேணா பாருங்க."

முடிவு வந்தது. காசநோய்தான். ஆறு மாதம் மாத்திரை, ஒரு வேளை விடாமல். வீட்டில் இருக்கிறவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரை வேலை செய்யச் செய்ய, தையல்காரர் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிற்காமல் பேசினார். மனைவியைத் திட்டித்தான். அவள் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

கடை திறந்த அன்று வாசலில் பெருங்கூட்டம். துணி தைக்க அல்ல. கண்ணீர் விட்ட பொம்மையைத் தொட்டுக் கும்பிட. ஒருவர் காலி பாட்டிலோடு வந்திருந்தார்.

கொழுந்தியாள் ஒரு அட்டையில் எழுதிப் பொம்மையின் கழுத்தில் மாட்டினாள்:

"என் தலைக்குள் ஒன்றுமில்லை, நான் பொம்மை. உங்களுக்கு என்ன கேடு?"